ஓடும் கணினியில் எல்லை மாற்றம்

கணினி சற்று முரண்டு பிடித்தால் உடனே அதை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பழைய வானொலிப் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பதைப் போன்றதுதான் அதுவும். பெரும்பாலும் அதனால் கெடுதல் இல்லை. ஆனால், அணைக்கவே கூடாத வேளை ஒன்றும் உண்டு. அப்போது அணைத்தால் பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும் திருமணப் படங்களும் சங்கத்துக் கணக்கும் ஒரேயடியாகக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அந்த வேளை எது என்பதையும், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வட்டிலுள்ள எல்லைகளை மாற்றியமைப்பது எப்படி என்பதையும் இன்று நாம் பார்ப்போம்.

கணினியில் நாம் சேமித்து வைப்பவை எல்லாம் வட்டில்தான் தங்குகின்றன. சுழலும் தகடு கொண்ட பழைய வகையானாலும், சுழற்சியே இல்லாத புதிய சில்லு வகையானாலும், பெயர் என்னவோ வட்டு என்றே நிலைத்துவிட்டது. வட்டை ஒரே வெளியாக விட்டுவைப்பது அரிது. லயத்து வீட்டில் பலகைத் தடுப்பு வைத்து முன்னறை, படுக்கையறை, அடுப்படி என்று பிரித்துக்கொள்வதில்லையா? அதைப் போல, இயங்குதளத்துக்கு ஒரு பகுதி, நம் கோப்புகளுக்கு ஒரு பகுதி என்று வட்டையும் பிரித்து வைக்கிறார்கள். ஒரு வேறுபாடு மட்டும் இருக்கிறது. வீட்டுத் தடுப்பைக் கையால் தொடலாம். வட்டில் தடுப்பு என்று ஒன்றுமே கிடையாது. இந்தப் பகுதி இங்கே தொடங்கி இவ்வளவு நீளம் போகிறது என்று வட்டின் தொடக்கத்தில் எழுதி வைத்த ஒரு சிறு பட்டியல்தான் எல்லாம்.

எவ்வளவு சிறியது என்று கேட்டால் வியப்பாக இருக்கும். 1983ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் 10 மெகாபைட் வன்வட்டோடு எக்ஸ்டி என்னும் கணினியை வெளியிட்டது. வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை ஒன்று அத்துடன் வந்தது. அதில் பட்டியலுக்கு நான்கே வரிகள். வரிக்கு 16 பைட்டு. நான்குக்கும் சேர்த்து 64 பைட்டு. ஒரு கைப்பேசிக் குறுஞ்செய்தியைவிடச் சிறியது! இன்றைய பெரிய வட்டுகளுக்கு அந்த முறை போதாது. அதனால் 2 டெராபைட்டுக்கு மேல் கணக்கிட முடியாது. ஆகவே ஜிபிடி என்னும் புதிய பட்டியல் வந்தது. அதில் வழக்கமாக 128 வரிகளுக்கு இடமுண்டு. அதோடு, வட்டின் கடைசியில் ஒரு நகலும் இருக்கும். ஆயினும் அடிப்படை அதுவேதான். பட்டியல் அழிந்தால், ஒரு கோப்பைக்கூட எவரும் தொடாதிருந்தாலும், வட்டு முழுவதும் வெறுமையாகத் தோன்றும்.

இனி, கணினி அந்தப் பட்டியலை எப்போது படிக்கிறது என்பதை நோக்குவோம். விஷயத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை விளங்கிக்கொள்வது மற்றவர்களைக் காட்டிலும் எளிது என்று நாம் துணிந்து கூறலாம்.

விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுகிறார்கள். கிராணியார் செக்ரோலைத் திறந்து பெயர் படிக்கிறார். இன்னாருக்கு இன்ன நிரை என்பதைக் கங்காணியார் மனத்தில் வாங்கிக்கொள்கிறார். பிறகு புத்தகம் ஆபீசுக்குப் போய்விடுகிறது; கங்காணியார் வெளிக்காட்டுக்குப் போய்விடுகிறார். அன்றைய பொழுது முழுவதும் அவர் தம் மனத்தில் இருக்கும் கணக்கை வைத்துத்தான் வேலை வாங்குகிறார். நிரைக்கு நிரை ஆபீசுக்கு ஓடிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வருவதில்லை. காலை பத்து மணிக்கு ஆபீசில் எவரோ செக்ரோலில் இருபதாம் நிரையை அடித்து வேறு விதமாக எழுதினால், காட்டில் நிற்கும் கங்காணியாருக்கு அது எப்படித் தெரியும்?

கணினியும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. அதைப் போடும் நேரமே பெரட்டு நேரம். இயங்குதளத்தின் உள்மையமாகிய கெர்னல் அப்போது வட்டிலுள்ள பட்டியலைப் படித்து, தன் நினைவகத்தில் ஒரு படி எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு எழுதுவதும் படிப்பதும் அந்த நினைவிலுள்ள படியைக் கொண்டுதான். நாம் நடுவில் வட்டிலுள்ள பட்டியலைத் திருத்தினால், செக்ரோல் ஒன்று சொல்லும்; கங்காணியார் மனம் வேறொன்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போக எளிய வழி மறுநாள் பெரட்டு, அதாவது கணினியை அணைத்துத் திரும்பப் போடுவது. பழைய டாஸ் காலத்தில் எல்லையை மாற்றிய பிறகு அதைத் தவிர வேறு வழியே இருந்ததில்லை.

வீட்டுக் கணினியானால் அணைத்துப் போடுவது ஒரு பொருட்டல்ல. ஆனால் மருத்துவமனையின் பதிவேடுகளைத் தாங்கி நிற்கும் கணினியை நினைத்துப் பாருங்கள். வங்கியின் பணப் பொறிகளுக்குப் பதில் சொல்லும் கணினியை நினைத்துப் பாருங்கள். இடம் போதவில்லை என்பதற்காக அதை நிறுத்த முடியுமா? இப்படிப்பட்ட கணினிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் தரவு மையங்கள் இன்று சைபர்ஜெயாவிலும் ஜொகூரிலும் இயங்குகின்றன. தோட்டத்திலிருந்து படித்துப் போய் அங்கே வேலைக்குச் சேரும் நம் வீட்டுப் பிள்ளைக்கு முதல் ஆண்டிலேயே இந்த வேலை கைக்கு வந்து சேரலாம். ஆகவே இது நமக்கு எட்டாத சங்கதி அல்ல.

இத்தகைய கணினிகளில் மிகுதியாகப் பயன்படும் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். ஓடும் கெர்னலிடம் பட்டியல் மாறிவிட்டது என்று சொல்ல அதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி, பட்டியல் முழுவதையும் திரும்பப் படிக்கச் சொல்வது. இது பட்டப்பகலில் இன்னொரு பெரட்டுப் போடுவதற்குச் சமம். எல்லா நிரைகளும் காலியாக இருந்தால்தான் கெர்னல் இதற்கு இணங்கும். ஒரே ஒரு பகுதியில் வேலை நடந்துகொண்டிருந்தாலும், சாதனம் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிடும். இயங்குதளமே அந்த வட்டின் ஒரு பகுதியில் குடியிருக்கும்போது எல்லா நிரையும் எப்படிக் காலியாகும்? எனவே முதன்மை வட்டில் இந்த வழி பெரும்பாலும் பலிப்பதில்லை.

இரண்டாம் வழி, மாறிய வரியை மட்டும் கெர்னலுக்குத் தனியாகத் தெரிவிப்பது. புதிதாக ஒரு பகுதி சேர்ந்தது, ஒருவரும் இல்லாத ஒரு பகுதி நீங்கியது, இந்தப் பகுதி நீண்டது என்று ஆள் அனுப்பிச் சொல்வதைப் போன்றது இது. பார்ட்எக்ஸ், பார்ட்புரோப் என்னும் கருவிகள் செய்யும் வேலை இதுதான். ஆள் நிற்கும் பகுதியை நீக்கச் சொன்னால் கெர்னல் கேட்காது. ஆனால் ஆள் நிற்கும் பகுதியை நீட்டச் சொன்னால் கேட்கும். இந்த வசதி 2012இல் வெளிவந்த 3.6 என்னும் கெர்னல் பதிப்பில் சேர்ந்தது. அதற்கு முன் இந்த ஒன்றுக்காகவே எத்தனையோ கணினிகளை நள்ளிரவில் அணைத்துப் போட வேண்டியிருந்தது.

நீட்டுவதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பகுதியின் முடிவைத் தள்ளலாம். தொடக்கத்தை அசைக்கக் கூடாது. இதற்குக் காரணம் இருக்கிறது. பகுதிக்குள் இருக்கும் கோப்புக் கணக்கு முழுவதும் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுகிறது. நிரையின் முதல் மரத்திலிருந்து நூறாவது மரத்தில் மங்கு கட்டியிருக்கிறது என்று குறித்து வைத்தபின், முதல் மரம் எது என்பதையே மாற்றிவிட்டால் நூறாவது மரம் வேறாகிவிடும் அல்லவா? கடைசியில் பத்து மரம் சேர்த்தால் பழைய கணக்கு ஒன்றும் கெடாது. கெர்னலும் இதை அறிந்தே வைத்திருக்கிறது. தொடக்கம் மாறிய வரியை நீட்டல் என்று சொல்லி அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாது.

நடைமுறையில் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஒரு நிறுவனம் 20 கிகாபைட் வட்டுடன் ஒரு மெய்நிகர் கணினியை வாடகைக்கு எடுத்திருக்கிறது. இடம் நிறைந்துவிட்டது. வாடகைக்கு விட்டவர் வட்டை 40 ஆக்கிவிட்டார். ஆனால் உள்ளே பார்த்தால் இடம் இன்னும் 20 என்றே காட்டுகிறது! புதிதாக இவ்வேலைக்கு வரும் பிள்ளைகள் திகைத்து நிற்பது இந்த இடத்தில்தான். தோட்டத்துக்குப் பக்கத்து நிலத்தை வாங்கியாயிற்று. ஆனால் எல்லைக் கல்லும் மாறவில்லை, கன்றும் நடவில்லை. நிலம், எல்லை, நடவு என்று மூன்று படி இருப்பதைப் போல, இங்கேயும் வட்டு, பகுதி, அதனுள் கோப்பு முறைமை என்று மூன்று படி இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே வளர்க்க வேண்டும்.

வட்டு வளர்ந்ததைக் கெர்னல் தானாக உணராவிட்டால், மறுபடி அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். ஜிபிடி பட்டியலானால் அதன் நகல் பழைய வட்டின் கடைசியில் இருந்தது. வட்டு வளர்ந்துவிட்டதால் அது இப்போது நட்டநடுவில் நிற்கும். அதைப் புதிய கடைசிக்கு நகர்த்த வேண்டும். பிறகு கடைசிப் பகுதியை, தொடக்கத்தை அப்படியே வைத்து, முடிவை மட்டும் தள்ளி எழுத வேண்டும். குரோபார்ட் என்னும் சிறு கருவி பட்டியலைத் திருத்தி, கெர்னலுக்கும் சேதி சொல்லிவிடும். இறுதியாகக் கோப்பு முறைமையை வளர்க்க வேண்டும். இஎக்ஸ்டி4 வகையானால் ரீசைஸ்2எஃப்எஸ் என்னும் கருவி அதைச் செய்யும். எக்ஸ்எஃப்எஸ் வகைக்கு வேறு கருவி உண்டு. வேடிக்கை என்னவென்றால், இந்த எக்ஸ்எஃப்எஸ் பயன்பாட்டில் இருக்கும்போதுதான் வளரும். மூடி வைத்திருந்தால் வளராது. நான்கைந்து கட்டளைகளில், ஒரு குவளைத் தேநீர் ஆறுமுன் வேலை முடிந்துவிடும். மருத்துவமனையில் வரிசையில் நிற்பவருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

சில வேளை வழியில் ஒரு முட்டுக்கட்டை நிற்கும். நாம் நீட்ட நினைக்கும் பகுதிக்கும் புதிய வெற்றிடத்துக்கும் நடுவில் ஸ்வாப் என்னும் சிறிய பகுதி குந்தியிருக்கும். நினைவகம் நிரம்பும்போது சுமையை இறக்கி வைக்கும் இடம் அது. நினைவகத்தில் போதிய இடம் இருந்தால் ஸ்வாப்பை ஓடும்போதே நிறுத்தி, பகுதியை நீக்கி, வேலை முடிந்தபின் வேறிடத்தில் அமைத்துக்கொள்ளலாம்.

குறுக்குவது என்பது வேறு கதை. வளர்ப்பதைப் போல அது எளிதன்று. இஎக்ஸ்டி4 முறைமையை அதில் வேலை நடக்கும்போது குறுக்க முடியாது. அந்தப் பகுதியைப் பயன்பாட்டிலிருந்து எடுத்த பிறகே குறுக்கலாம். பிடிஆர்எஃப்எஸ் என்னும் வகை ஓடும்போதே குறுகும். எதைக் குறுக்கினாலும் முதலில் கோப்பு முறைமை, பிறகுதான் எல்லை. வரிசை மாறினால் மரம் நிற்கும்போதே நிலத்தை விற்ற கதையாகிவிடும்.

நம் வீடுகளில் இருக்கும் விண்டோஸ் கணினியிலும் ஓரளவு இதைச் செய்யலாம். 2007இல் விற்பனைக்கு வந்த விஸ்டா பதிப்பு முதல், வட்டு மேலாண்மை என்னும் திரையிலேயே சி பகுதியை ஓடும்போது நீட்டவும் குறுக்கவும் வழி இருக்கிறது. நீட்டுவதற்குச் சி பகுதிக்கு வலப்புறம் ஒட்டினாற்போல வெற்றிடம் இருக்க வேண்டும். புதிய கணினிகளில் மீட்புப் பகுதி ஒன்று பெரும்பாலும் அந்த இடத்தில் நின்று வழியை மறிக்கும். இடம் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தும் நீட்டும் கட்டளை மங்கலாகவே கிடப்பதற்கு இதுவே காரணமாகும். குறுக்கும்போது, நகர்த்த முடியாத கோப்பு எங்கே கிடக்கிறதோ அங்கே விண்டோஸ் நின்றுவிடும்.

எல்லைக்கல் தொல்லையே வேண்டாம் என்று எண்ணியவர்களும் உண்டு. ஹைன்ஸ் மாவெல்ஸ்ஹாகன் என்பவர் 1998இல் லினக்ஸுக்கு எல்விஎம் என்னும் ஏற்பாட்டை எழுதினார். அதில் வட்டு சிறுசிறு துண்டுகளாக, வழக்கமாகத் துண்டுக்கு 4 மெகாபைட்டாக, எண்ணப்படுகிறது. ஒரு பகுதியின் துண்டுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு வட்டுகளில் சிதறிக் கிடந்தாலும் ஒன்றாகவே தோன்றும். அணைக்கவே முடியாத கணினியில் தொடக்கத்திலேயே இதை அமைத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது நம் கருத்து.

இப்போது ஆபத்துக்கு வருவோம். புத்தகமும் கங்காணியார் மனமும் ஒத்துப்போகாத நிலையில் எவராவது தொடர்ந்து வேலை செய்தால் என்னவாகும்? ஒருவர் பட்டியலில் மூன்றாம் பகுதியை முன்னே தள்ளி எழுதுகிறார். கெர்னல் அதை ஏற்கவில்லை. திரையில் ஓர் எச்சரிக்கை வருகிறது. அதைப் படிக்காமலே மூன்றாம் பகுதியைப் புதிதாக அமைத்துக் கோப்புகளை நிரப்புகிறார். கெர்னலோ தன் மனத்திலுள்ள பழைய மூன்றாம் பகுதியில் அவற்றை இறக்கி வைக்கிறது. ஒரு மாதம் கழித்துக் கணினியை அணைத்துப் போட்டவுடன் கெர்னல் புதிய பட்டியலைப் படித்துப் புதிய இடத்தில் தேடுகிறது. அங்கே ஒன்றும் இல்லை. ஒரு மாத உழைப்பு எங்கே போயிற்று என்று எவருக்கும் விளங்காது. ஆகையால் எல்லையை மாற்றியவுடன், வட்டிலுள்ள பட்டியல் என்ன சொல்கிறது, கெர்னல் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மேற்கொண்டு போக வேண்டும்.

இதே முரண்பாடு ஒருவரைக் காப்பாற்றவும் கூடும். தொடக்கத்தில் நாம் சொன்ன அணைக்கக் கூடாத வேளை இதுதான். பதற்றத்தில் ஒருவர் தவறான வட்டின் பட்டியலை அழித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கை நடுங்குகிறது. உடனே அணைத்துப் போடத் தோன்றுகிறது. கூடாது! செக்ரோல் எரிந்துவிட்டது, உண்மைதான். ஆனால் கங்காணியார் இன்னும் காட்டில் நிற்கிறார். எந்த நிரை எங்கே தொடங்குகிறது என்பது அவர் மனத்தில் அப்படியே இருக்கிறது. கணினியை அணைத்தால் அந்த நினைவும் போய்விடும்.

கணினி ஓடும் வரையில் கோப்புகள் பெரும்பாலும் வழக்கம்போலத் திறக்கும். எனவே முதல் வேலையாக முக்கியமானவற்றை வேறொரு வட்டுக்குப் படியெடுத்துவிட வேண்டும். அடுத்து, லினக்ஸில் சிஸ் என்னும் அடைவின் உள்ளே, ஒவ்வொரு பகுதியின் தொடக்கமும் நீளமும் எத்தனையாவது செக்டர் என்று கெர்னல் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கும். செக்டர் ஒன்றுக்கு 512 பைட்டு என்பது அங்கே கணக்கு. அந்த எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அதே வட்டில் ஒரு கோப்பாகச் சேமித்து வைப்பது எரியும் வீட்டுக்குள்ளேயே நகைப் பெட்டியை ஒளித்து வைப்பதாகும். பிறகு அதே தொடக்கம், அதே நீளம் கொண்டு பட்டியலைத் திரும்ப எழுத வேண்டும். பழைய வகைப் பட்டியலில் மறுபிரதி கிடையாது. இந்த எண்களே கதி. ஜிபிடியானால் வட்டின் கடைசியில் இருக்கும் நகலிலிருந்தும் மீட்டுக்கொள்ளலாம்.

இதில் மனத்துக்குத் தெம்பு தரும் செய்தி ஒன்றும் உண்டு. இப்போதைய கணினிகளில் முதல் பகுதி பொதுவாக 2048ஆம் செக்டரில், அதாவது வட்டின் தலையிலிருந்து ஒரு மெகாபைட் தள்ளித்தான் தொடங்குகிறது. பட்டியல் அதற்கு முன்னால் இருக்கிறது. ஆகவே பட்டியல் மட்டும் அழிந்திருந்தால் நம் கோப்புகளில் ஓர் எழுத்துக்கூடக் கெட்டிருக்காது. அந்த ஒரு மெகாபைட்டைத் தாண்டியும் வேறு எதையேனும் எழுதியிருந்தால் அது வேறு. எழுதப்பட்ட அளவுக்கு இழப்பு இழப்புதான்.

கேள்விப்படுமுன் அணைத்துவிட்டவர்கள் கதி என்ன என்று கேட்பீர்கள். வழி அடியோடு அடைபடவில்லை. டெஸ்ட்டிஸ்க் என்னும் இலவச நிரல் வட்டு முழுவதையும் தேடி, ஒரு கோப்பு முறைமை தொடங்கும் அடையாளம் எங்கெங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துப் பட்டியலைத் திரும்ப அமைக்க உதவும். பெரிய வட்டானால் மணிக்கணக்கில் ஆகலாம். அதுவரை அந்த வட்டில் எதையும் எழுதாமல் இருக்க வேண்டும்.

இவ்வளவு பாடும் வேண்டாம் என்பவர்கள், எல்லையைத் தொடுமுன் எஸ்எஃப்டிஸ்க் என்னும் கருவியைக் கொண்டு பட்டியலை எழுத்து வடிவில் வெளியே எடுத்துக்கொள்ளலாம். பகுதிக்கு ஒரு வரி வீதம் பத்துப் பன்னிரண்டு வரிகள்தான் வரும். அதைக் காகிதத்தில் அச்சிட்டுக் கணினிப் பெட்டியின் பக்கவாட்டிலேயே ஒட்டி வைக்கலாம். அடுத்த முறை எல்லை மாறினால் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டிவிட வேண்டும். பழைய தாளைப் பார்த்துப் பட்டியல் எழுதினால், நாம் முன்னே சொன்ன மூன்றாம் பகுதியின் கதைதான் அங்கும் நடக்கும்.